மிதிப்பவருக்குக் கேட்காது

பதினொரு கிழமை இருந்தது கழகம்.
தொண்ணூற்றெட்டு ஆவணியில் தொடங்கி
முதல் பெருமழையோடு முடிந்தது.
யோகபுரத்தில், அரிசி ஆலைக்குப் பின்னால்,
பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை ஏற்றிய பங்கர்.
ஒன்பது படி.
எட்டாவதில் தலை குனியவேண்டும்.
மறந்தவரின் நெற்றி ஊருக்குச் சொல்லிவிடும்
இவரும் அங்கத்தவர் என்று.

ஏழு பேர்.
சந்தா கிழமைக்கு ஒரு தேங்காய், அல்லது
அரைப்போத்தல் மண்ணெண்ணெய்.
மண்ணெண்ணெய் கட்டிய ஒருவரும் இல்லை.

பற்றறி வன்னிக்குள் வராத காலம்.
மரியசீலன், எந்த றேடியோவின் வயிற்றைக் கிழித்தானோ,
நாலு டயோட்டோடு வந்தான்.
சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி
டைனமோவிலிருந்து வயரைப் படிவழியே இறக்கினான்.
சைக்கிள் மேலே, ரேப் கீழே.
ஒருவர் மிதிக்க ஆறு பேர் கேட்கலாம்.

யாப்பின் முதலாம் விதி:
மிதிப்பவருக்குக் கேட்காது. ஆதலால் முறை மாறும்.
எழுதியது நான்.
அப்போது என் கையெழுத்து வடிவு.

ஒரு கசற்றில் ஆருடையதோ கலியாணவீடு.
நாதஸ்வரத்துக்கு நடுவில் ஒரு குரல்
"சோறு முடிஞ்சுது" என்கிறது.
அந்த இடத்தை ரீவைண்ட் பண்ணிக் கேட்போம்,
சிரிப்பதற்கு.
நிவாரண மா வராத கிழமைகளில்
ஒருவரும் ரீவைண்ட் கேட்கவில்லை.

பேரில்லாத கசற் கமலரூபியுடையது.
கிளிநொச்சியால் ஓடி வந்தபோது
அரிசிப் பைக்குள் தவறி வந்ததாம்.
கிட்டாரா, மரம் அரிகிறதா, தெரியாது.
ஒரு பெண் கத்தினாள்.
பத்திநாதர் போர்த்துக்கேயம் என்றார்.
எப்படித் தெரியும் என்றோம்.
"வேறை எந்தப் பாசையிலை இப்பிடிக் கோவிக்கலாம்?"
கூட்டக் குறிப்பில் "ஏகமனதாக" என்று எழுதினேன்.

மேலே கால் களைத்தால்
அவள் ஆண் ஆவாள்,
இன்னும் களைத்தால் எருமை.
கீழிருந்து கயிற்றை இழுப்பார்கள்,
சைக்கிள் மணி என் மடியில் அடிக்கும்.

அதன் மறுபக்கம் ஓடியது ஒரேயொரு நாள்.
அன்று என் முறை.

பாட்டுக்குப் பாரம் உண்டு.
கீழே சத்தம் கூடினால் மேலே மிதி இறுகும்.
முதலில் மூன்று தரம் இறுகியது.
பிறகு ஒரு நீண்ட இளக்கம்,
ஒழுங்கையில் இறக்கம் வந்தது மாதிரி.
பிறகு கெண்டைக்காலில் தொடங்கி
இடுப்புவரை ஏறியது ஏதோ ஒன்று,
பல்லைக் கடித்து மிதித்தேன்,
அவ்வளவு பேர் பாடியிருக்க வேண்டும்.
அப்போதுதான் கிபிர்.

நான் வாய்க்காலுக்குள்.
சில்லு தானாய்ச் சுற்றிய நாலைந்து விநாடியும்
கீழே பாட்டு ஓடியதாம்.
பிறகு பக்கத்துக் காணிச் சனம் படியால் விழுந்து வந்து
முப்பது பேரும் ஓர் ஆடுமாய்
கழகம் அன்றுதான் நிறைந்திருந்தது.
குண்டு குளக்கட்டுக்கு அங்கால்.

கழகத்தை முடித்தது தவளைகள்.
மழை ஆறாம் படிக்கு ஏறிய காலை
அவை சந்தா கட்டாமல் உள்ளே இருந்து
எங்களை விட உரத்துக் கத்தின.
கசற் நாடா தண்ணீரில்
கறுத்த நூலாய்ப் பிரிந்து கிடந்தது.

இப்போது விசாரிக்கிறேன்.
கமலரூபி ரொறொன்ரோவில் இருந்து
போனில் ஒன்றை முணுமுணுக்கிறாள்.
அது இல்லை என்று இன்னொருவர்,
அந்தப் பக்கத்தில் பாட்டே இல்லை, மேளம் மட்டும் என்கிறார்.
பத்திநாதர் காது கேளாமல் இருக்கிறார்.
மரியசீலனை
மாத்தளனுக்குப் பிறகு கண்டவர் இல்லை.

கொப்பியில் அந்தக் கூட்டத்துக்கு
நாலு வரி இடம் விட்டிருந்தேன்,
கேட்டு எழுத.

சிலவேளை பஸ்ஸில், காலை நீட்டி இருக்கையில்,
மூன்று தரம் இறுகுகிறது.
பக்கத்தில் இருப்பவர்
நரம்புக்கு நல்ல எண்ணெய் ஒன்று சொல்கிறார்.
நான் இளக்கத்துக்குக் காத்திருக்கிறேன்.