திரைக்கு இந்தப் பக்கம்

படிவத்தில் காரணம் எழுத இரண்டே கோடுகள்.
'தனிப்பட்ட ஆர்வம்' என்று எழுதினேன்.
அபீர் வாங்கி முத்திரை குத்தி,
மறுபடி முதல் வருடமா, ஹபீப்தி, என்றாள்.
ஆமாம் என்றேன்.
பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்,
துக்க வீட்டில் நகர்த்துவது போல.

ஏழு மாதம் அறுவைசிகிச்சையில் இருந்தேன்.
என் அறையில், அடுக்களை இழுப்பறைக் கைப்பிடியில்
கறுப்புப் பட்டுநூல் முடிச்சுகள் இன்னும் தொங்குகின்றன.
நானூறுக்குப் பிறகு எண்ணவில்லை.
ஒற்றைக்கை முடிச்சு, இடக்கை முடிச்சு,
தேநீர் கொதிப்பதற்குள் பன்னிரண்டு.
உனக்குக் கை இருக்கிறது என்றார்
டாக்டர் தாரிக் ஒருமுறை.
அவர் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை.
அதனால்தான் அவர் அறைக்கதவைத் தட்ட
மூன்று நாள் ஆனது.

அம்மா ஷார்ஜாவிலிருந்து போனில்:
மயக்க டாக்டரா?
ஊசி போட்டுட்டு உட்கார்ந்திருப்பாங்களே, அவங்களா?
எல்லார்கிட்டயும் சர்ஜன்னு சொல்லிட்டேனேடி.
கூடப் படித்தவன் வாய்ஸ் நோட்டில் சிரித்தான்:
உனக்குத் தூக்கம் பத்தலன்னு ஊரைத் தூங்க வைக்கப் போறியா?
தூக்கம் பத்தவில்லைதான்.
அது காரணமில்லை என்றால் பொய்.
அது மட்டும்தான் என்றாலும்.

செப்டம்பரில் ஒரு காலை.
தோஹாவின் ஜன்னல்கள் வெளிப்பக்கம் வியர்த்திருந்தன.
சனாயாவிலிருந்து ஒருவர், பித்தப்பை.
கைப்பட்டையில் ஆங்கிலத்தில் மூன்றாக உடைந்திருந்த பெயரை
சேர்த்துப் படித்தேன்: முத்திருளாண்டி.
கழுவிய கைகளைத் தூக்கிப் பிடித்து
முழங்கை சொட்ட நான் நிற்க,
பத்திலிருந்து கீழே எண்ணு என்றார்கள் ஆங்கிலத்தில்.
அவர் விளக்குகளைப் பார்த்தார்.
நான் தமிழில் சொன்னேன்.
முகம் சட்டென்று என் பக்கம் திரும்பியது.
பத்து. ஒம்போது. எட்டு.
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு,
தாயீ, எத்தன நாளு சம்பளத்துல

அவ்வளவுதான்.
இமைகள் மேல் நாடா ஒட்டினார்கள்.
இரண்டு கம்பங்களுக்கிடையே நீலத்துணி ஏறியது.
எனக்கு மிஞ்சியது
அயோடின் பூசிய ஒரு சதுரம் வயிறு.
காமிராவைப் பிடித்திருந்தேன். கை ஆடவில்லை.
பதினொரு கற்கள்.
டப்பாவை மூடி அவர் பெயரை ஒட்டினேன்.
மறுநாள் வார்டில், அந்தக் கட்டிலில்
வேறொருவர் தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் இரண்டு கோடுகளில் எழுத முடியாது.
எழுதினாலும், நான் படிவம் கேட்டது ஜனவரியில்.
நடுவில் நான்கு மாதம்
முடிச்சுதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன்.
இந்தப் பக்கம் என்று சொல்லப் பழகணும்.
துணிக்கு மேலே தாரிக்கின் நெற்றி மட்டும் தெரிகிறது.
மேசையைத் தாழ்த்து என்கிறார், பெயர் சொல்லாமல்.
தாழ்த்துகிறேன்.
என் விரல்கள் ஆக்சிஜன் குழாயின் மேல்
இல்லாத நூலை முடிந்துகொண்டிருக்கின்றன.
தாடையைத் தூக்கிப் பிடிக்கும் சுண்டுவிரல்
முதல் வாரம் முழுக்க வலித்தது.
ஒருநாள் குழாய் உணவுப்பாதைக்குள் போய்விட்டது.
ரோவெனா என் தோளைத் தொட்டாள், சத்தமில்லாமல்.
திரையில் மூச்சின் கோடு தட்டையாகக் கிடந்தது.
உருவி, மாஸ்க்கில் மூச்சுக் கொடுத்து, மறுபடி போட்டேன்.
கோடு குன்று குன்றாக எழும்பிற்று.
அன்று மதியம் சாப்பிடாமல் படிக்கட்டில் உட்கார்ந்து
தாரிக்கின் நம்பரை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அழைக்கவில்லை.

மருந்தை ஏற்றும் முன் கேட்கிறேன்,
அரைகுறை இந்தியில், மலையாளத்தில், சைகையில்:
ஏதாவது கேட்கணுமா?
பெரும்பாலும் இல்லை என்பார்கள்.
நேற்று ஒரு நேபாளத்துக்காரர் மணி என்ன என்றார்.
ஆறு ஐம்பது.
தலையாட்டிக்கொண்டார்,
எதையோ சரிபார்த்தது போல.