இணைப்பு ஏழு

நாற்பத்தொரு பக்கம்.
காலாண்டறிக்கை என்றால் அப்படித்தான்.
ஸ்டேப்ளர் ஊசி கடைசித் தாளைத் தொடாமலே
வளைந்துபோகிறது.

வெள்ளவத்தையில், தையல்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
ஒவ்வொரு ரயிலுக்கும்
கடல்பக்கத்து யன்னல் ஒருமுறை தும்மும்.
கடைசி ரயிலும் போயாயிற்று.
நாளை பத்து மணிக்கு ஐந்து பேர் வருவார்கள்.
நம்பிக்கைப் பொறுப்பாளர்கள்.
அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்து வாசித்தால்
எனக்குத் தூக்கம் வராது.

ஐந்து வருஷமாய் அவர்களுக்கு
எல்லாவற்றையும் சொல்லித்தான் வந்திருக்கிறேன்.
கேட்டால் காட்டுவேன்: திகதி, கையொப்பம், இணைப்பு.
மறைக்காமல் இருப்பதற்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு.
நல்லது முதற்பக்கத்தில், படத்தோடு.
கெட்டது இணைப்பு ஏழில்,
எறும்பெழுத்தில்,
"கவனத்திற் கொள்ளப்பட்டது" என்று முடியும்
ஒரு வாக்கியத்துக்குள்.

இணைப்பு ஏழு வருமுன்னே
பெரோஸா மர்ஜான் தேநீருக்கு எழும்பிவிடுவா.
நிஹால் தெவரப்பெரும
மேசைக்குக் கீழே ஃபோனைத் தடவுவார்.
மற்ற இருவர் பேனாவைத் திறந்துகொண்டே
படியேறி வருகிறவர்கள்.
தலைவர் இரட்ணகோபால்
காதிலிருந்து கருவியைக் கழற்றிச்
சட்டைப்பையில் போடுவார்.
நான் வாசித்துக்கொண்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மட்டக்குளிக்குப் போனேன்.
படம் எடுக்கத்தான் போனேன், பொய் சொல்வானேன்.
அறுபது பிள்ளைகளுக்குச் செவிப்புலன் கருவி,
அட்டைக்கு ஒரு சிரிப்புத் தேவைப்பட்டது.
டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்தா.
உள்ளே ஐஸ்கிரீம் டப்பா.
டப்பாவுக்குள், பெயரெழுதிய சின்னப் பைகளில்
இருபத்திமூன்று.

"பெட்டரி ஒண்ணு பத்து நாளைக்குத்தான் மிஸ்.
நீங்க தந்தது முடிஞ்சதும்
பிள்ளைங்க திருப்பித் தந்துட்டாங்க.
வீட்டுல வச்சா தொலைஞ்சிடும்னு பயம்."

ஒரு பையில் ஷெனுக்ஷி என்றிருந்தது.
முன்வாங்கில் ஒரு பிள்ளை
டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
இவளா என்று நான் கேட்கவில்லை.

பருப்பளவு பெட்டரி.
முதுகிலிருக்கும் செம்மஞ்சள் ஒட்டியை உரித்தால்
காற்றுப் பட்டு உயிர் வரும்.
பிள்ளைக்கு ஆறு கொடுத்தோம்.
"வழங்கப்பட்டவை: 60" என்று எழுதினேன்.
சரியான எண். கணக்காய்வாளரும்
பச்சை மையில் சரி போட்ட எண்.

இன்றிரவு முதலில் அடித்தது இது:
"பராமரிப்புத் தொடர்பில் சில சவால்கள்
அவதானிக்கப்பட்டுள்ளன."
இலக்கணம் சுத்தம்.
வாக்கியத்துக்குள் ஆளைத்தான் காணோம்.
அடுத்த கட்டம் இருநூறு கருவி.
அது நின்றால் மூன்று பேருக்குச் சம்பளம் இல்லை,
அதில் ஒன்று என்னுடையது.
தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.
பிறகு அழித்தேன்.

முதற்பக்கத்தில், படம் இருந்த இடத்தில்,
கொட்டை எழுத்தில்:
"கொடுத்த அறுபதில் இருபத்திமூன்று
இழுப்பறையில் கிடக்கின்றன.
பெட்டரிக்கு நான் காசு ஒதுக்கவில்லை."
ஐந்து வருஷ அறிக்கைகளில்
"நான்" வந்தது இதுதான் முதல்முறை.

பத்தே காலுக்கு இரட்ணகோபாலை அழைத்தேன்.
சபையில் வைத்து அவர் திடுக்கிடக் கூடாது.
கனநேரம் அடித்த பிறகு எடுத்தார்.
"பொறுங்கோ, கழட்டி வைச்சிட்டன்."
சரசரப்பு. ஒரு கீச்சு விசில்.
"இப்ப சொல்லுங்கோ."

சொன்னேன்.

"எத்தினை மாசமாக் கிடக்குது?"
"தெரியாது."
"அதையும் எழுதுங்கோ."
வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.
"ஒண்டு சொல்லவேணும்," என்றார்.
"ஏழாவது இணைப்பு வரைக்கும்
நான் ஒருநாளும் வந்ததில்லை."

அதையும் எழுதட்டுமா என்று
நான் கேட்கவில்லை.