சரூக்கின் திறப்பு

ஆறாம் மாடிச் சல்லடைகள் ஆடுவதை
பாதத்தால் அறிவேன்.
படியில் ஏறும்போதே தெரியும்
எந்தப் பெட்டி இடப்பக்கம் இழுக்குது,
எந்தப் பிரம்பு இன்னும் ஒரு கிழமைதான் தாங்கும் என்று.
மற்றதெல்லாம் திருப்புளியால்.
பிடியைக் காதெலும்பில் ஊன்றி
நுனியைப் பேரிங் கூட்டில் வைத்தால்
நல்லது, ஓட்டில் பெய்யும் மழை.
கெட்டது, சோற்றில் கல்.

நேற்று மூன்றாம் எலிவேட்டரின் அடியில்
கல் கடிபட்டது.

எட்டரைக்கு நிறுத்தினோம்.
மெயினை இறக்கி ஆளுக்கொரு பூட்டு:
எனக்கு மஞ்சள், பிரியங்கரவுக்குப் பச்சை,
சரூக்கினது சிவப்பு,
அதில் அவனே பெயிண்டால் எழுதிய அவன் பெயர்.
பூட்டியவரே திறக்க வேண்டும்.
சுவரில் மூன்று மொழியிலும் இருக்கும் அறிவித்தல்களில்
எழுத்துப்பிழை இல்லாதது இது ஒன்றுதான்.

குழிக்குள் இறங்கினால்
பழைய மா புளித்துக் கள்ளாய் மணக்கும்.
உள்ளே நெருப்பு ஆகாது;
மாத்தூசிக்கு ஒரு பொறி காணும்.
வெளியே வேர்க்சொப்பில் எண்ணெயில் காய்ச்சிய பேரிங்கை
சாக்குத் துணியில் சுற்றி
சுடுபாண் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
ஓடிவந்தவன் சரூக்.
அச்சில் ஏற்றி, ஒரே தள்ளு.
ஆறினால் ஏறாது.

பதினொன்றரைக்கு அவனுக்கு போன் வந்தது.
மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்களாம்.
கை கழுவினானோ தெரியாது,
மோட்டர்சைக்கிள் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு பத்துக்கு வேலை முடிந்தது.
மஞ்சள் கழன்றது. பச்சை கழன்றது.
சிவப்பு தொங்கியது.

சீனன்குடாவில் இருபது வருசம்,
ஆலை நின்ற ராத்திரியில்
கடலுக்கு இவ்வளவு சத்தம் இருக்கிறதை
இப்போதுதான் கேட்கிறேன்.
சைலோ உச்சியில் புறாக்கள் இடம் மாறின.
இறங்குதுறையில் கோதுமைக் கப்பல்
வயிற்றைப் பாதி காலி பண்ணிவிட்டு
லைட்டெல்லாம் எரியவிட்டுக் காத்திருந்தது.
ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு நட்டம் என்று
ஃபோர்மன் ரூபாயில் சொன்னார்,
பிறகு டொலரில் சொன்னார்.

சரூக்கின் போன் ஓஃப்.
கொழும்பிலிருந்து மனேஜர்: வெட்டு.
வெட்டுவதற்கும் ஒரு படிவம் உண்டு.
'உரியவர் இயந்திரத்துள் இல்லை என்பதை நேரில் உறுதி செய்தேன்.'
கையெழுத்து என்னுடையது.

டோர்ச்சோடு திரும்பவும் குழிக்குள் இறங்கினேன்.
அவன் கிண்ணியாவில் நிற்கிறான், தெரியும்.
இருந்தும் வாளிகளுக்கு இடையே பார்த்தேன்,
பெல்ட்டுக்குப் பின்னால் பார்த்தேன்,
தகரக் குழாய்க்குள் தலையை விட்டு
"சரூக்" என்று கூப்பிட்டேன்.
ஏழு மாடியும் ஏறிப்போய்
என் குரலே
என்னைக் கேட்டுக்கொண்டு இறங்கி வந்தது.
மயிர்க்கூச்செறிந்தது. சிரிக்காதீர்கள்.

வெட்டுகத்தியைப் பிரியங்கர வாங்க மாட்டேன் என்றான்.
"மட்ட பே," அவ்வளவுதான்.
நான் வாங்கினேன்.
வளையத்தில் வைத்தேன், எடுத்தேன்,
பேனைக்கு மை இல்லை என்று சொல்லி
பத்து நிமிசம் போக்கினேன்.

கொழும்பு மெயில் ஸ்டேசனில் ஊதியபோது
கேட்டடியில் சண்டை.
சாரமும் ரப்பர் செருப்பும் போட்ட ஒருத்தனை
பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல்
உள்ளே விட முடியாதாம்.
கடைசியில் காவல்காரர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்.
இரண்டு இலக்கம் பெரிசு.
கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வந்த அந்தக் கால்கள்
டக் டக்கென்று சுவிட்ச் அறை வரை நடந்தன.

"பிள்ளை?"
"இன்னும் இல்ல."
திறந்தான். பூட்டை என் கையில் வைத்தான்.
சப்பாத்தைக் கேட்டில் கழற்றிவிட்டுப் போனான்.

பொத்தானை அழுத்தினேன். திருப்புளி வைத்தேன்.
மழை.

விடிய ஆறுக்கு போன் அதிர்ந்தது.
ஆறாம் மாடியில் நின்றேன்,
எல்லாப் பெட்டியும் ஆடிக்கொண்டிருந்தது.
காதெலும்பில் போனை அழுத்தினால்
அவன் எதையோ கத்துகிறான்,
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"ஓம் ஓம்," என்றேன் நானும் கத்தி,
"நல்லா ஓடுது! சூடில்லை!
பெல்ட்டும் நேரா இருக்கு!"