பதினாலாம் நிமிடம்

இன்று தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.
பவுடர் இல்லை, வாசச் சோப்பு இல்லை,
மத்தியானச் சோற்றுக்கு மீன்குழம்பும் இல்லை.
மணப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
"பியர் மணக்கிற வேலையாமே?"
கரடிப்போக்குச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவ கேட்டா.
குடிக்கிறேல்லை அக்கா என்றேன்.
அவ நம்பவில்லை.

அறிவியல்நகர், இரண்டாம் மாடி.
ஏ-ஒன்பதில் குலுங்கி வந்த ஹீலியம் உருளை
சுவரோடு சங்கிலியில் நிற்கிறது.
மாங்குளத்துக் கடை வாசலில் மூன்று கிழமை வெயில் குடித்த
இருபத்துநாலு போத்தலில் ஒன்று
என் முன்னால், நுரை செத்து.
முறைப்பாட்டில் இரண்டே சொல்:
பழுதான மணம்.

ஊசி அதன் மூச்சை எடுத்துச் சுருளுக்குள் விடும்.
முப்பது மீற்றர்.
முடிவில் சுருள் இரண்டாகக் கிளைக்கும்,
ஒன்று மெசினுக்கு, மற்றது என் மூக்குக்கு.
மெசின் கோடு கீறும்.
நான் பொத்தானை அழுத்துவேன்.

மூன்றாம் நிமிடத்துக்குப் படிவம் சொல்வது
ஒரு அமெரிக்க மிருகத்தின் பெயர்.
வன்னியில் அதை ஆர் கண்டது?
கீரிப்பொந்து என்று எழுதினேன்.
நாலில் கதலிப்பழம், கோடு மலையாய் எழும்பியது.
பதின்மூன்றில் ரோசா, கலியாண வீட்டுப் பன்னீர்.
பதினாலு இருபதில்
கோடு தரையோடு படுத்திருக்க
என் விரல் அழுத்திவிட்டது.

"அதில ஒண்டும் இல்லையே," வாகீசன் திரையைத் தட்டினான்.
திரும்ப ஓடவிட்டோம்.
திரும்பவும் பதினாலு இருபது.
தயாபரியை இருத்தினோம்: புதுச் சப்பாத்துப் பெட்டி என்றாள்.
எமில்றாஜ்: வெள்ளம் வந்த வருசத்துக் கொப்பி.

எனக்கு அது
செட்டிகுளத்துக் கூடாரத்தில்
தண்ணீர் ஏற ஏற மடித்து மடித்துக் கீழே போட்ட
பிஸ்கட் அட்டைப்பெட்டி.
பத்து வயது.
அதன்மேல்தான் படுத்தேன்,
கன்னத்தில் அதன் வரிகள் பதிய.

நொனெனல், என்கிறது புத்தகம்.
கிழடான பியரில் வருமாம்.
லீற்றருக்கு, ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு,
மூக்குக்கு அது போதும்.
எங்கள் மெசினுக்குப் போதாது.

மணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: அட்டை, ஈரம்.
செறிவு என்ற கட்டத்தில் மூன்று போட்டு,
வெட்டி, நாலு ஆக்கினேன்.
"அடுத்ததைப் போடவோ?"
பொறு என்று கோப்பிக்கொட்டைச் சிமிழை மணந்தேன்.
மூக்கைத் துடைக்க எங்களிடம் அதுதான் இருக்கிறது.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ஜெனரேற்றர் இருமித் தொடங்கும் வரைக்கும்
ஒருவரும் கதைக்கவில்லை.
மிச்சப் பியரை எமில்றாஜ் தொட்டியில் ஊற்றினான்.
பின்னேரம் வரை
கைகழுவப் போனவர்களுக்கெல்லாம்
வாழைப்பழம் மணத்தது.