குழாயில் என் பாதி

நாலு மணிக்கு லில்லிபாய் அடுப்பு பற்றவைப்பாள்.
முதலில் கொதும்பு. அது நல்ல பிள்ளை,
சட்டென்று பிடித்துச் சட்டென்று தீரும்.
பிறகு சிரட்டை.
அதற்கும் பிறகுதான் ரப்பர் விறகு,
வெட்டி ஒரு மாதம்கூட ஆகாதது,
வெட்டுவாயில் பால் நுரைக்க
எரிய மனமில்லாமல் எரிவது.
அந்தப் புகைக்கு எங்கள் ஜன்னல் தெரியும்.

அஜினுக்கு ஒன்பது வயது.
நாலேகாலுக்கு இருமல்.
நாலரைக்கு எழுந்து உட்கார்ந்து
இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொள்வான்.
விலாவெலும்புகளின் நடுவே தோல்
உள்ளே போய்ப் போய் வரும்.
மார்த்தாண்டத்து டாக்டர் கேட்டார்,
"வீட்டுல யாராவது சிகரெட் குடிப்பாங்களா?"
இல்லை என்றேன்.
வீடு என்று எதுவரைக்கும் சொல்கிறார் என்று
நான் கேட்கவில்லை.

கல்யாண கவுன் தைக்கிறவள் நான்.
சனிக்கிழமைப் பெண் ஒருத்தியின் வெள்ளைச் சாட்டினை
மூக்கருகே பிடித்துப் பார்த்தேன்.
மத்தியானச் சமையல் மணத்தது.

சொல்லாமல் இல்லை.
"அக்கா, கொஞ்சம் காஞ்ச வெறகா வையுங்க."
"காஞ்சது கிலோ ஏழு ரூவா பிள்ளே.
பச்சைய அவன் சும்மா கொண்டு தட்டிட்டுப் போறான்."
சிலிண்டர் இருக்கிறதே என்றேன்.
இருந்தது. மூலையில், சிவப்பாக,
தலையில் மாவு டப்பாவோடு.
களியக்காவிளை செக்போஸ்ட் லாரிக்காரர்களுக்கு
நாற்பது பொதி, சோறும் மரச்சீனியும் சாளைக்கறியும்.
கேஸில் வைத்தால் பொதிக்குப் பத்து ரூபாய் கூட்டணும்,
கூட்டினால் அவர்கள் எல்லை தாண்டிப் போய்த் தின்பார்கள்.
கணக்கு சரிதான்.
சரியாக இருந்ததில்தான் எனக்கு எரிச்சல் கூடியது.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
புதன்கிழமைகளில் நானும் அங்கேதான் கறி வாங்குவேன்.
நான் வைக்கும் மீனை அஜின் தொடமாட்டான்.
"இதுல அந்த மணம் இல்லம்மா" என்பான்,
இரண்டு இருமலுக்கு நடுவில்.

பஞ்சாயத்துக்கு மனு எழுதினேன்.
அது தையல் மெஷின் இழுப்பறையில்
பாபின்களோடு கிடந்தது.
கடைசியில் கொத்தன் தாசையனைக் கூப்பிட்டோம்.
தகரக்குழாய், பன்னிரண்டு அடி,
கூலியோடு நாலாயிரத்து எண்ணூறு.
பாதி அவள், பாதி நான்.

முதல் நாள் புகை நேராக ஏறி
குழாய் முனையில் கொஞ்சம் யோசித்து நின்றது.
விடியற்காற்று எங்களூரில் மலையிலிருந்து கடலுக்கு.
எங்கள் மாடியைத் தாண்டி,
பின்வேலியில் சாய்ந்து கிடக்கும் எல்லைக்கல்லைத் தாண்டி
கேரளத்துக்குள் இறங்கியது.

அஜின் ஆறரைவரை தூங்கினான்.
நான்தான் பழக்கத்தில் நாலுக்கே விழித்து
அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இன்ஹேலர் மேசையில், மூடி திறக்காமல்.

பதினோராம் நாள்
ஷைலஜா டீச்சர் வேலியோரம் வந்து நின்றார்.
மகள் பெற்று இருபது நாள்.
"கொச்சினு ஸ்வாசம் முட்டுந்நு.
ஆரா ஈ குழல் வெச்சது?"
எனக்கு மலையாளம் நன்றாக வரும்.
அன்றைக்குக் கொஞ்சம் வராதவள்போல நின்றேன்.
எந்தப் பஞ்சாயத்தில் எழுதிக்கொடுக்க என்று
அவரே கேட்டு, அவரே பதில் இல்லாமல் பார்த்தார்.
குழாய் இந்தப் பக்கம். குழந்தை அந்தப் பக்கம்.
லில்லிபாய் அடுக்களை வாசலுக்கு வந்தாள்,
கையில் ஊதுகுழல்.
என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி இழுப்பறையைத் திறந்தேன்.
மனு மடிப்புக் கலையாமல் இருந்தது.
பெயர்களை மாற்றினால் போதும்,
மற்றதெல்லாம் டீச்சருக்கு அப்படியே பொருந்தும்.
எடுக்க வந்தது பாபின்.
எடுத்துக்கொண்டு மூடினேன்.

நாலு மணி.
கொதும்பு. சிரட்டை.
அஜின் புரண்டு படுத்தான்.
மேற்கே, வேலிக்கு அப்புறம்,
ஒரு விளக்கு எரிந்தது.