ஏழே முக்கால் சொச்சம்

விடியக்காலை நாலரைக்கு என் வேனில் ஏறுகிறார்கள்.
பஹாவ் பட்டணத்தில் அந்நேரம் விழித்திருப்பவை
ரொட்டிச் சானாய்க் கல்லும் டயர்க் கடை நாயும்தான்.
டயர்க் கடைக்கு மேல்மாடியில் மையம்.
விசிறி மூன்று, வெண்பலகை ஒன்று,
நனைந்து காய்ந்து உப்பிய அகராதிகள்.
அரசாங்கப் பள்ளி சேர்க்காத பிள்ளைகளுக்கு
அதுதான் பள்ளி.

ஏழு இருக்கைக்கு ஆறு பேர்.
கஜரூபன் எதற்கும் ‘ஓம்’ என்பான்,
முதல் வாரம் சாமி கும்பிடுகிறானோ என்று நினைத்தேன்.
வான் பாவி லியான்.
பாவி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.
அவன் மொழியில் அதற்குப் பிரபு என்று பொருளாம்.
பிரபு செம்பனைக் குலை அறுத்த கையோடு வருவான்,
முள் குத்திய விரலில் பேனா பிடிப்பான்.
ஒரு நாள் படித்தால் ஒரு நாள் கூலி போகும்.
போகிற கூலியில் பாதியை மையம் கொடுக்கிறது.
மீதிப் பாதியை அவன் அம்மா
பேசாமல் இருந்து கொடுக்கிறாள்.

ஏழாவது இருக்கை அப்துல் ஷுக்கூருடையது.
மார்ச் மாதம் அவன் அப்பா
கட்டட வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.
மிஸ் ஹூய் ஷான் மூன்று முறை போன் போட்டாள்.
நாலாவது முறை அந்த நம்பரே இல்லை.
அவன் பெயருக்குக் கட்டிய பரீட்சைப் பணம் திரும்பாது.
இருக்கையில் இப்போது தண்ணீர்ப் போத்தல்கள்.

பரீட்சை சிரம்பானில்.
ஒரு பாடத்துக்கு எத்தனை வெள்ளி என்று கேட்டு
என் வண்டித் தவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.
முகம் தெரியாத யாரோ கட்டுகிறார்கள்.
டீசல் காசும் அவர்களுடையதுதான்,
நான் புண்ணியத்துக்கு ஓட்டுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

புக்கிட் பூத்துஸ் வளைவில் ரோட் பிளாக்.
டார்ச் வெளிச்சம் முகம் முகமாக நின்று போகிறது.
ஆறு அகதி அட்டைகள், மையத்தின் கடிதம் ஒன்று,
அதற்கு மிஸ் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறாள்.
என் ஐசியையும் கேட்டான். நீலம்.
என் பெரியம்மா சாகும்வரை சிவப்பு அட்டைதான்,
பிறந்ததும் எரிந்ததும் இதே ஜெம்போலில்.
பதினேழு நிமிடம்.
ரஜூமா அத்தனை நேரமும் மடியில் விரலால்
எதையோ வரைந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு நில அளவையாளர் ஆக வேண்டும்.
டாக்டர் என்று சொல், பணம் தருகிறவர்களுக்குப் பிடிக்கும்
என்று நான்தான் புத்தி சொன்னேன்.
மாட்டேன் என்றாள்.
ஒன்பது வயதில் படகிலிருந்து இறங்கியவள்,
பேரில் ஒரு சாண் மண் இல்லாதவள்,
அடுத்தவன் நிலத்துக்கு எல்லைக்கல் நட
அப்படி என்ன ஆசை?
விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் எழுதியிருந்தாளாம்:
எங்கள் வயல் எவ்வளவு என்று
அப்பா சொன்னதை யாரும் நம்பவில்லை.

அவர்கள் உள்ளே போனதும்
மரநிழலில் வேனைப் போட்டேன்.
மூன்றாம் படிவத்தோடு தொழிற்சாலைக்குப் போனவள் நான்.
பின்னால் கிடந்த பழைய வினாத்தாளை
சும்மாதான் எடுத்தேன்.
ஒரு முக்கோணம். பக்கங்கள் சமம். உயரம் என்ன?
ஒரு மணி நேரத்தில்
டீசல் ரசீதின் முதுகெல்லாம் கோடு.

திரும்பும்போது வழிநெடுகச் செம்பனை.
பரீட்சை எப்படி என்றதற்கு யாரும் வாய் திறக்கவில்லை.
லியான் தூங்கிவிட்டான்.
ரஜூமாதான் ஜன்னல் பக்கம் கை காட்டினாள்.
“மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர், அக்கா.
வரிசைக்கு வரிசை எவ்வளவு?”
“ஒன்பதுதான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.”
“இல்லை. ஏழே முக்கால் சொச்சம்.
முக்கோணமாக நட்டிருக்கிறார்கள்.”

வண்டியை ஓரம் கட்டினேன்,
நம்பிக்கை இல்லாமல்தான்.
அவள் செருப்பைக் கழற்றிவிட்டு
குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்ட வைத்து
அளக்கத் தொடங்கினாள்.
கஜரூபன் சத்தமாக எண்ணினான்.
ரசீதில் இடம் தேடி நான் எழுதிக்கொண்டேன்.