எந்தத் தபால்பெட்டியிலும்

பித்தளை வில்லை,
குழந்தையின் உள்ளங்கை அகலம்.
ஒரு பக்கம் 614.
மறுபக்கம் பொடி எழுத்தில்:
தவறி எடுத்துச் சென்றிருந்தால்
எந்தத் தபால்பெட்டியிலும் போடவும்.
செலவு எங்களுடையது.
ஹோட்டல் வான்டர்லின், ஹால்ஸ்டெட், மினசோட்டா.

எங்களுடையது என்று சொன்னவர்கள்
கணக்கு முடித்துப் போய்விட்டார்கள்.
சாவிகள் மட்டும் வந்துகொண்டிருக்கின்றன,
வருடத்துக்கு ஒன்று, இரண்டு.
என் ஜன்னலுக்குத்தான் வரும்.
அந்த ஜன்னலுக்கு நேர் எதிரேதான் ஹோட்டல்.
பதினெட்டு வருடமாக
அதன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

முதலில் அங்கே மர விடுதி ஒன்று இருந்தது.
ஜனவரி இரவொன்றில் பற்றிக்கொண்டது.
குழாயில் தண்ணீர் உறைந்துவிட,
ஊரே சுற்றி நின்று
குளிர் காய்ந்ததாம்.

மறு வருடம் ஹொரேஸ் வான்டர்லின்
காடு விற்ற காசில் செங்கல் அடுக்கினார்.
ஒன்பது மாடி. இருநூற்றுப் பத்து அறை.
ஏரிக் கப்பல்களுக்குத் தெரியும்படி
பக்கச் சுவரில் ஆளுயர எழுத்து:
தீப்பிடிக்காது.
தன் பெயரை அதற்கும் கீழே
சின்னதாகத்தான் போட்டுக்கொண்டார்.

மரம் வெட்டுகிறவர்கள்
ஆணி பூட்ஸோடு படியேறி வந்தார்கள்.
வராதே என்று பலகை வைத்தார்கள்,
வந்தார்கள்.
சலவைக்கல் படியில் இன்றும்
அம்மைத் தழும்பு.

பனியில் ரயில் நின்றுபோன இரவு
பெட்டிச் சிப்பந்தி எஸ்ரா டால்பர்ட்
பயணிகளின் பெட்டி நாற்பத்தொன்றை
நிலையத்திலிருந்து முதுகில் சுமந்து வந்தான்.
கறுப்பன்.
கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு
அறை கேட்டான்.
கிடைத்தது,
கன்னத்தில்.
அன்றிரவு அவன் எங்கே படுத்தான் என்று
பதிவேட்டில் இல்லை.
பெட்டிகள் நாற்பத்தொன்று என்று இருக்கிறது.

பிறகு நெடுஞ்சாலை
ஊரைத் தொடாமல் வளைந்து போயிற்று.
நாள் வாடகை வார வாடகையானது.
நடனக் கூடத்தில் ஒருவன் மெத்தை விற்றான்.
ஏழாம் மாடி முழுக்க வெங்காய வாசனை.
தாதுக் கப்பல் துறையில் முதுகொடிந்த
அன்டன் ஸ்குபிட்ஸ், 
லிஃப்ட் நின்ற பிறகு
ரொட்டி வாங்கக் கீழே இறங்கி
மேலே போக
ஒரு பகல் எடுத்துக்கொள்வாராம்.

614இல் லெம்பி ஹார்யு.
முன்பு அதே ஹோட்டலில் பரிமாறியவள்,
பிறகு அதே ஹோட்டலில் வாடகைக்காரி.
இருபத்தேழு வருடம்.

எண்பத்து மூன்றில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது.
முப்பத்தொரு பேர்,
ஒரு வாரக் கெடு.
காரணம் என்ற கட்டத்தில்
தட்டச்சில் இரண்டே சொல்:
தீ ஆபத்து.
சுவரில் அந்த எழுத்து
அப்போதும் வெளுக்கவில்லை.

போன செவ்வாய் டூசானிலிருந்து ஓர் உறை வந்தது.
உள்ளே சாவியும் ஒரு சீட்டும்:
"அத்தையின் கோட்டுப் பையில் இருந்தது.
செலவு உங்களுடையது என்று போட்டிருக்கிறது,
ஆனாலும் தபால்தலை ஒட்டியிருக்கிறேன்."
டூசானில் கோட்டு எதற்கு?
வெயில் காய்கிற ஊர்.
யோசித்துக்கொண்டே
ஸ்டாம்பு குத்த மறந்தேன்.

எதிரே இப்போது சாரம் கட்டியாயிற்று.
வீடுகளாக விற்கப் போகிறார்கள்.
பெயர் அதேதான், கதவுக்கு அட்டை.
விற்பனைப் பெண் வந்தாள்,
சிரித்த முகம், தலையில் மஞ்சள் தொப்பி.
பழைய சாவிகள் உங்களிடம் இருக்கிறதாமே,
வரவேற்பறையில் கண்ணாடிக்குள் வைப்போம்.
சட்டப்படி பெறுநர் அவர்கள்தான்.
பூட்ஸ் டப்பாவைக் கொட்டி எண்ணினேன்.
முப்பத்தாறு.
கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

614ஐக் கொடுக்கவில்லை.
வில்லையில் இருப்பதைத்
திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.
தவறி எடுத்துச் சென்றிருந்தால் என்றுதானே
போட்டிருக்கிறது.
லெம்பி தவறி எடுத்துப் போகவில்லை.

இந்த வேலையில் சேர்ந்த பின்
நான் சேர்க்காமல் விட்ட ஒரே தபால்.
என் கோட்டுப் பையில் கிடக்கிறது.
ஏரிக்காற்றில் தெருவைக் கடக்கையில்
தொடையில் இடிக்கிறது.